இருபத்துநான்காம் எண்ணின் இடப்பக்கம்

வெர்லின் கோஸ்மிக்கி பந்தைப் பார்க்கமாட்டார். ஊரே பந்து போகிற பக்கம் கழுத்தைத் திருப்பும்போது, அவர் கண் மட்டும் எதிரணியின் பின்வரிசையில் நிற்கிற நாலு பேர் மேல் இருக்கும். கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதையும் எறிவதையும்தான் எங்கள் நெப்ராஸ்கா பக்கத்தில் கால்பந்து என்போம். அந்த ஆட்டத்தில் எறிகிற பந்தைத் தடுப்பதும் பறிப்பதும் அந்த நாலு பேரின் வேலை. அவர்கள் ஆளுக்கு ஆள் பிடிக்கிறார்களா, இடத்துக்கு ஆள் நிற்கிறார்களா, ஆழத்தில் ஒருவன் நிற்கிறானா இருவரா என்பது முன்னாலேயே தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் கையில் வந்த மாதிரி.

பதினாறு வயதில் சோளம் பறிக்கும் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்தவர் அவர். அதற்குமேல் ஆட முடியாது என்றானதும் பள்ளிக்கூடத்தில் கேமராவைக் கொடுத்து, ஆட்டத்தைப் படம் பிடிக்கத் திடலோர மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏறியவர் முப்பத்துநாலு வருஷம் இறங்கவில்லை. பிழைப்புக்கு மாட்டு ஏல மண்டபத்தில் வேலை. புதன்கிழமை தோறும் வளையத்துக்குள் நின்று, வருகிற மாட்டைக் கைத்தடியால் திருப்பி, வாங்குபவர்களுக்கு எல்லாப் பக்கமும் காட்டி அனுப்ப வேண்டும். சம்பளமில்லாத வேலை பள்ளிக்கூடத்து அணிக்கு.

சனிக்கிழமை காலையில் இரு ஊருக்கும் நடுவே ஒரு பெட்ரோல் பங்கில் எதிரணி ஆளைச் சந்தித்து வீடியோ டேப்புகளை மாற்றிக்கொள்வார். எங்கள் ஆட்டம் அவர்களுக்கு, அவர்கள் ஆட்டம் எங்களுக்கு. எல்லாப் பள்ளிகளுக்கும் அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மனைவி அர்லிஸ் வைத்த பீன்ஸ் குழம்பையும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, நிலவறையில் டிவி முன்னால் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஒவ்வொரு ஆட்டத் துண்டையும் நாலு தடவை ஓடவிடுவார், தடவைக்கு ஒருவன் என்று. பந்து கை மாறுவதற்கு முன் அவர்கள் நிற்கிற நிற்பு பொய்யாக இருக்கலாம். கை மாறியபின் வைக்கிற மூன்றாவது அடி பொய் சொல்லாது என்பார். பார்த்ததை மஞ்சள் அட்டைகளில் எழுதி, திங்கட்கிழமை கோச்சிடம் கொடுப்பார். ஒரு வருஷம், எதிரணிக்காரன் ஒருவன் நெருங்கிப் பிடிக்கப்போகிறான் என்றால் முன்னாலேயே உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொள்கிறான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்த ஒரு அட்டையால் ஒரு ஆட்டம் ஜெயித்தோம். பெயர் கோச்சுக்குப் போனது. வெர்லினுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றுநாலாம் வருஷம் அக்டோபரில் கடைசி ஆட்டம் வெய்லாண்ட் ஊரோடு. ஜெயித்தால், பதினோரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் காசிமிர் பள்ளி மாநிலச் சுற்றுக்குப் போகும். எங்கள் கோச் மார்வ் டீட்ரிக் வந்து ஏழு வருஷமாகியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் பள்ளி நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் அவரை மாற்றும் பேச்சை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

வெய்லாண்டின் பலம் அவர்களுடைய கடைசிக் காவல்காரன், இருபத்துநாலாம் எண் போட்ட டாரின் சீவர்ஸ். அந்தப் பருவத்தில் ஆறு பந்து பறித்திருந்தான். அவன் நிற்கிற பக்கம் எறியவே எல்லோருக்கும் பயம். வெர்லினிடம் மூன்று டேப் இருந்தன. செப்டம்பர் டேப்பில் பையன் பூனைபோல நின்றான். தலை அசையாமல் கண் மட்டும் போனது. அக்டோபர் டேப்பில் வேறு மாதிரி. தனக்கு இடப்பக்கம் ஒருவன் ஓடினால் தோளோடு சேர்த்து முழுத் தலையையும் திருப்பினான். அரை அடி தாமதம். அதோடு முன்பு நின்ற இடத்திலிருந்து இரண்டு கஜம் இடப்பக்கம் தள்ளி நிற்க ஆரம்பித்திருந்தான்.

புது வியூகம் என்றுதான் வெர்லின் முதலில் நினைத்தார். 'அவன் இடப்பக்கம், ஆழத்தில் எறிந்தால் காலி' என்று அட்டையில் எழுதி இரண்டு கோடு போட்டார். திங்கட்கிழமை அதைப் படித்த மார்வ், வெர்லின் தோளைத் தட்டினார். அன்றைக்கே அதற்கென்று மூன்று வியூகங்களைத் தயார் செய்து பையன்களைப் பழக்க ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை ஏலத்தில் ஒரு சிவப்புப் பசு வளையத்துக்குள் வந்தது. நல்ல உடம்பு. ஆனால் வேலியை ஒட்டி ஒரு பக்கமாகவே சுற்றியது. திரும்பும்போதெல்லாம் முகத்தை முழுக்கத் திருப்பித் திரும்பியது. வெர்லின் அதன் இடது பக்கம் போய்க் கைத்தடியைத் தூக்கினார். பசு இமைக்கவில்லை. மைக்கில் விலை சொல்லிக்கொண்டிருந்தவரிடம், "இடது கண்ணு இல்லப்பா, சொல்லிடு" என்றார். இந்த மாதிரி நூறு தடவை சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அடுத்த மாடு அவரை இடிக்க வந்ததாம்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு ஓடி அக்டோபர் டேப்பைப் போட்டார். இந்த முறை ஆட்டத்தையே விட்டுவிட்டு, ஒரு ஆட்டத் துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பையன் என்ன செய்கிறான் என்று பார்த்தார். வட்டமாகக் கூடும்போது எப்போதும் இடது ஓரத்திலேயே நின்றான். யாரோ இடப்பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். அது அவன் தோளில் பட்டு விழுந்தது. விழுந்த பிறகுதான் திரும்பினான். எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்தான்.

பயிற்சிக்கு முன்பே மார்விடம் போய்ச் சொன்னார். மார்வ் முழுக்கக் கேட்டார். நாம் என்ன டாக்டர்களா, கழுத்துப் பிடிப்பாகக்கூட இருக்கலாம் என்றார். பிறகு, அந்த மூன்று வியூகத்தையும் எடுத்துவிடுகிறேன், அவன் பக்கம் எறியவே மாட்டோம், போதுமா என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுப்புதான்.

"எறியறது இல்ல கோச் விஷயம். அவனுக்குத் தெரியாத பக்கத்துலேந்து நம்ம பையன் ஒருத்தன் ஓடிவந்து இடிப்பான். இடிக்கத்தான் நாம சொல்லிக்கொடுத்திருக்கோம்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை காலைல நானே அவங்க கோச்சுக்குப் போன் பண்றேன். நீங்க இதுல தலையிடாதீங்க."

வெர்லின் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் அர்லிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "தலைய ஆட்டினியா, சரின்னு சொன்னியா?" என்று கேட்டாள். வெறுமனே ஆட்டினேன் என்றார். "அப்ப இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் வெய்லாண்ட் கோச்சுக்குப் போன் செய்தார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் என் முதல் ஆளை உட்காரவைக்கச் சொல்லி எதிரணியிலிருந்து போன் வருவது இதுதான் முதல் தடவை, மார்வை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். அவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வெர்லின் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அறுபது மைல் வண்டி ஓட்டிப் போனார். பையனின் அம்மா ஜோலீன் வெய்லாண்டில் பெண்களுக்கு முடி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தாள். காசிமிர் பள்ளியின் சிவப்பு ஜாக்கெட்டோடேயே அவர் உள்ளே போய் நின்றார். கழற்றி வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு வயதான அம்மாள் தலை நிறையச் சுருள் குச்சிகளோடு உட்கார்ந்திருந்தார். மூலையில் டிவி, அதன் கீழே டேப் போடுகிற பெட்டி.

"நீங்க காசிமிர்காரர்தானே? நாளைக்கு எங்களோட ஆட்டம்" என்றாள் ஜோலீன்.

"ஆமாம்மா. அதனால நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இத மட்டும் பாருங்க."

தொடர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் முணுமுணுத்தாலும் டேப்பைப் போட விட்டார். முதலில் செப்டம்பர், பிறகு அக்டோபர். கடைசியில் தண்ணீர் பாட்டில். ஜோலீன் சீப்பைக் கையில் வைத்தபடி அதை இரண்டு தடவை போடச் சொன்னாள். சுருள் குச்சி அம்மாள்தான் முதலில், "ஐயோ, பிள்ளைக்குத் தெரியலடி" என்றார்.

ஜோலீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "செப்டம்பர் கடைசிலேந்து பால ஊத்தினா கிளாசுக்கு வெளியில ஊத்துறான். கவனமில்லன்னு தினம் திட்டினேன். ஒரு நாள் அறையவும் அறைஞ்சேன்" என்றாள். பிறகு, "சொன்னா ஆட விடமாட்டாங்கன்னு மறைச்சிருக்கான்" என்றாள்.

பாதித் தலையோடு அந்த அம்மாளை விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அன்றைக்கே டாக்டர் பார்த்து, மறுநாள் ஒமாஹாவில் அறுவை நடந்தது. கண்ணுக்குள் விழித்திரை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். பலமாக ஒரு இடி விழுந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இருபத்துநாலு இல்லை. அவன் இடத்தில் ஒல்லியாக ஒரு புதுப் பையன். அவனை நம்பாமல் வெய்லாண்ட் தன் பின்காவல் முழுவதையும் மாற்றிவிட்டது. இடத்துக்கு ஆள் நின்றவர்கள் ஆளுக்கு ஆள் பிடித்தார்கள். வெர்லினின் அட்டைகளில் ஒன்றுகூட உதவவில்லை. பதினாலுக்குப் பதிமூன்று என்று தோற்றோம். கடைசி நிமிஷத்தில் எங்கள் பந்தைப் பறித்தவன் அந்த ஒல்லிப் பையன்தான். மேடையில் நின்று அதையும் வெர்லின் படம் பிடித்தார்.

சனிக்கிழமைக்குள் ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. காபிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. நல்லது செய்தார் என்று சொன்னவர்களும் உண்டு, மெதுவாகச் சொன்னார்கள். நானும் இரண்டு வாரம் தெருவில் அவரைப் பார்க்காததுபோல நடந்தேன். என் தங்கை மகன் அந்த அணியில் கடைசி வருஷம் ஆடியவன், அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏல மண்டபத்தில் ஒரு பண்ணைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "வெர்லின், இந்த மாட்டுக்குக் கண்ணு தெரியுதான்னு பாத்துச் சொல்லு. தெரியலன்னா அதோட அம்மாவுக்குச் சொல்லிட்டு வா" என்றார். மண்டபமே சிரித்தது. வெர்லின் அந்த மாட்டைச் சுற்றிவந்து நிஜமாகவே பார்த்து, "தெரியுது" என்றார்.

மார்வ் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். எப்போதும் நீங்க, வாங்க என்று பேசுகிறவர் அன்றைக்கு, "என்கிட்ட சொல்லிட்டாவது போயிருக்கலாம் நீ" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க கோச். அப்புறம் உங்களையும் மீறிப் போனேன்னு ஆயிருக்கும்."

அடுத்த வருஷம் படம் பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மார்வ். வெர்லின் கேமராவையும், முப்பத்துநாலு வருஷத்து அட்டைகள் இருந்த நாலு பெட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அர்லிஸுக்குத்தான் கோபம் அடங்கவில்லை. ஆட்டத்தன்று திடலில் விற்க அவள் செய்து கொடுக்கிற இனிப்பு ரொட்டியை நிறுத்திவிட்டாள். வெர்லின் அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் போய்வந்துகொண்டிருந்தார். நிலவறை டிவியில் அர்லிஸ் தையல் நிகழ்ச்சி பார்த்தாள்.

மறு வருஷம் செப்டம்பரில், முதல் இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் மார்வ் வாசலில் வந்து நின்றார். கையில் டேப். அர்லிஸ் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புது ஆள் பந்து போகிற பக்கமே கேமராவைத் திருப்புகிறான், பின்வரிசையில் ஒருத்தனும் படத்தில் இல்லை என்று மார்வ் சொன்னார். படியில் உட்கார்ந்த மார்வ் வெகுநேரம் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை போன் பண்றேன்னு சொன்னேன்ல. பண்ணியிருக்க மாட்டேன், வெர்லின். ஜெயிச்சிருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன், தோத்திருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன். இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

வெர்லின் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை நிலவறைக்கு எடுத்துப்போனார். மார்வ் பின்னாலேயே இறங்கினார். அந்தப் பருவத்தில் எங்கள் அணி ஒன்பதில் நாலுதான் ஜெயித்தது. பருவம் முடிந்ததும் மார்வை அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த கோச்சுக்கும் அட்டைகளை எழுதியவர் வெர்லின்தான்.

டாரின் சீவர்ஸுக்கு அந்தக் கண்ணில் கால்வாசிப் பார்வை மீண்டது. கால்பந்து அதோடு சரி. இரண்டு வருஷம் கழித்து அவன் மாமாவோடு கன்றுகளைக் கொண்டுவந்து எங்கள் ஏல மண்டபத்தில் இறக்கினான். வெர்லினைக் கண்டுபிடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வளர்ந்து தோள் அகன்றிருந்தான். லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த வெள்ளிக்கிழமை தன் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்கள் என்று அவரிடம் சொன்னான்.

"பாத்தா நன்றி சொல்லணும்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க. எனக்கு இன்னும் வரல" என்றான்.

"பரவாயில்ல. வரலன்னா வேண்டாம்" என்றார் வெர்லின். பிறகு அவனுடைய கன்றுகளைப் பார்த்து, பின்னால் நிற்கிற இரண்டையும் முதலில் அனுப்பினால் நல்ல விலைக்குப் போகும் என்றார். டாரின் கொஞ்சம் யோசித்து, அப்படியே வரிசையை மாற்றினான்.