பட்டிக்கல் குகையில் வெட்டிய குறி

என் தம்பி ஸுஹைர் போன வருடம் மௌத்தானான். மரணம் கேட்டு ஜனாஸா வீட்டுக்கு வந்து வாசலோரம் கதிரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவர், பட்டிக்கல் மலையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தவர் இவர்தானா என்று மெதுவாகக் கேட்டார். மற்றவர் ஓம் என்று தலையாட்டினார். அவன் பத்திரிகைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவன். ஆனாலும் எந்த நாளில் எது நடந்தது என்பதை மறக்கிறவன் இல்லை. கண்ணால் கண்டதைக் கண்டதாகவும் காதால் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன்.

ஸுஹைர் எனக்கு ஐந்து வயது இளையவன். எட்டாம் வகுப்பு வரை படித்தான். அடிமட்டம் வைக்காமல் நேர்கோடு இழுப்பான். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஊர்த்தலைவர் தோப்பூர் விதானையார் மாட்டுக் குறிப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. கன்றின் தொடையில் அதைச் சூட்டுக்கோலால் போடுவார்கள். மாரி மழையில் மாட்டுப் பட்டிகள் கலந்துவிட்டால் குறியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். முந்திய புத்தகத்தில் குறிகளைப் பல பேர் பல விதமாகக் கீறி வரைந்திருந்தார்கள். வில் அரிவாளாகத் தெரிந்தது, அரிவாள் தூண்டிலாகத் தெரிந்தது. அதனால் பதினொரு எருமைக்கு இரண்டு குடும்பம் வெட்டுக்குத்து வரைக்கும் போனதுண்டு. ஸுஹைர் பட்டி பட்டியாக நடந்து, மாட்டின் பக்கத்தில் நின்று, இருநூற்றுச் சொச்சம் குறிகளையும் புதிதாகக் கீறினான். அதன்பிறகு புத்தகத்தால் ஒரு சண்டையும் வரவில்லை. என் வண்டியில் ஏறியவர் யாராக இருந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை.

எங்கள் உம்மாவின் தம்பி முஹம்மது தம்பி மாமாவுக்கு அறுபது எருமை இருந்தது. அவர் மேய்த்த தரையெல்லாம் குடியேற்றத் திட்டத்தில் வயலாகிப் போயிற்று. மிஞ்சியது பட்டிக்கல். இலங்கைத்துறைப் பக்கம் போகும் வண்டிப் பாதையை விட்டுக் காட்டுக்குள் இரண்டு மைல் உள்ளே இருக்கும் மலை அது. கார்த்திகை, மார்கழியில் ஆறு பெருகிப் பள்ளமெல்லாம் கடலானால் பட்டி அங்கேதான் ஏறும். மேலே ஒரு சுனையும், பழைய காலத்தில் யாரோ மனிதர் இருக்கவென்று கல்லில் குடைந்த குகையும் உண்டு. சின்னக் கன்றுகளோடு மாமா அந்தக் குகையில் படுப்பார். மலைக்கு அவரிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. அவருடைய வாப்பாவின் வாப்பா உளியால் குகை முகப்புப் பாறையில் வெட்டிய குடும்பக் குறி மட்டுந்தான் இருந்தது. ஒரு வில், அதன் கீழே இரண்டு புள்ளி.

1961 ஆகஸ்டில் கொழும்பிலிருந்து கலீலுர் றஹ்மான் என்று ஒருவர் வந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய இடங்களைப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுவது அவருக்கு ஆசை. தோளில் கமெரா, தலையில் வெள்ளைத் தொப்பி. என் வண்டியை வாடகைக்குப் பேசினார். குகையில் இருக்கும் எழுத்தைப் படி எடுக்க ஆள் வேண்டும் என்றார். என் தம்பி இருக்கிறான் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே சொன்னேன்.

மலையில் இரண்டு நாள் இருந்தோம். நான் சிறு வயதிலிருந்து பார்த்த குகைதான். அந்த மனிதர் காட்டிய பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்ட, பாறையின் நெற்றியில் நீளத்துக்கு ஒரு விளிம்பு வெட்டியிருந்தார்கள். அதன் கீழே ஒரு வரி எழுத்து. உள்ளே ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் கல்லைச் சீவி, தலைப்பக்கம் சற்று உயர்த்தியிருந்தது. ‘இரும்பும் நெருப்பும் பொறுமையும் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் செய்தார்களோ’ என்று றஹ்மான் சேர் சொன்னார். மாமா அவருக்குத் தன் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கல்லில் படுத்தார். மண் முட்டியில் தயிர், தேன், சுட்ட கருவாடு என்று இருந்ததையெல்லாம் வைத்தார். லுஹர் தொழுகைக்கு சேர் முன்னால் நிற்க, நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று தொழுதோம்.

ஸுஹைர் கம்புகளால் கட்டிய ஏணியில் நின்று, வாசிக்கத் தெரியாத எழுத்தை ஒவ்வொன்றாகக் கீறினான். பாறையின் வெடிப்புகளையும் விடவில்லை. வெட்டியது வேறு, வெடித்தது வேறு என்று தெரிய, வெடிப்பைப் புள்ளிக் கோடாகப் போட்டான். இப்படி ஒரு கையைக் கொழும்பிலும் காணவில்லை என்று சேர் சொன்னார். எழுத்துக்கு ஒரு முழம் கீழே இருந்த வில்லைக் காட்டி இது என்னவென்று கேட்டார். ஸுஹைர் இறங்கி வந்து, புத்தகத்தில் நாற்பத்தேழாம் குறி, இன்ன குடும்பம், வெட்டியவர் இன்னார் என்று மூச்சு விடாமல் சொன்னான். அதையும் கீறினான். மாமா சிரித்தார்.

“அதையும் பேப்பரில போடுங்க சேர். எங்கட உறுதி அதுதான்.”

திரும்பி வரும்போது வண்டியில் நான் ஒன்று கேட்டேன். இதில் என் பங்கு அதுதான்.

“என்ட தம்பிட பேரையும் போடுவீங்களா சேர்?”

“கட்டாயம் போடுவன். எப்பிடி எழுதுறது எண்டு சொல்லுங்க.”

அவருடைய குறிப்புப் புத்தகத்தில் எழுதச் செய்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து, சரி என்றேன்.

நவம்பரில் பத்திரிகை வந்தது. தோப்பூர்க் கடையில் எடுத்து வைத்திருந்தார்கள். ஸுஹைர் கீறிய படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. நான் பேரைத்தான் தேடினேன். கடைசிப் பந்தியில் ‘தோப்பூர் ஸுஹைர் அவர்களே’ என்று இருந்தது. என் தம்பியை அதுவரை யாரும் அவர்கள் என்று சொன்னதில்லை. மற்றதை வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். மாமாவோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். போகும் வழியில் மூன்று கடையில் பேரைக் காட்டினேன். ஸுஹைரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன். மழை தொடங்கிப் பட்டி மேலே ஏறியிருந்தது.

குகை வாசலில் உட்கார்ந்து வரியின் கீழே விரல் வைத்து உரத்து வாசித்தேன். முதலில் விளிம்பைப் பற்றி, எழுத்தைப் பற்றி. பிறகு ஒரு மாட்டுக்காரர் தந்த தயிரின் ருசி. மாமா தாடியைத் தடவிக்கொண்டார். நான் தொடர்ந்தேன். ‘இத்தகைய பழஞ்செல்வத்தை முஹம்மது தம்பி என்பவரின் குடும்பம் மாட்டுக் குறி வெட்டிச் சிதைத்துள்ளது. சாணமும் மூத்திரமும் குகையை நாறடிக்கின்றன. இவர்களை அங்கிருந்து அகற்ற உரியவர்கள் தாமதிக்கலாகாது. அக்குறி யாருடையது என்பதை ஐயமற எமக்குத் தெரிவித்தவர் தோப்பூர் ஸுஹைர் அவர்களே.’ எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனுக்கு வாய் முன்னால் போகும், மனம் பின்னால் வரும். நான் பேரையும் வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது என்னவென்று விளங்கியது.

ஸுஹைர் எழும்பி மழைக்குள் போய் நின்றான்.

“எங்கட பாயிலதானே படுத்தவர்?” என்றார் மாமா.

ஸுஹைர் கொழும்புக்கு மூன்று கடிதம் போட்டான். மூன்றாவதுக்கு ஒரு தபாலட்டை வந்தது. ‘நீர் சொன்னதை மட்டுமே எழுதினேன். உமது தமையன் கேட்டபடி பேரையும் போட்டிருக்கிறேன்.’ அவ்வளவுதான்.

டிசம்பர் முடிவதற்குள் மலையடியில் பலகை நட்டு முட்கம்பி அடித்தார்கள். பழைய இடத்தைச் சேதப்படுத்தியதாக மாமாவுக்கு அழைப்பாணை வந்தது. 1962 ஜனவரியில் மூதூரில் விசாரணை. சாட்சி ஸுஹைர்தான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்கும் சொல்லவில்லை.

“அந்தக் குறியை வெட்டினது நான். போன ஆகஸ்டில வெட்டினனான். மாமாவுக்கு ஒண்டும் தெரியாது.”

அப்படியென்றால் அந்த ஐயாவிடம் ஏன் வேறு கதை சொன்னாய் என்று கேட்டார்கள். பொய் சொன்னன் என்றான். கோடு தவறாதவன் அந்தச் சபையில் நிமிர்ந்து நின்று அப்படிச் சொன்னான். மாமாவை விட்டார்கள். ஸுஹைருக்கு ஒரு மாதம் மறியல், சிறைவாசம்.

நீதிமன்ற விறாந்தையில் பொலிஸ்காரர் அவனைக் கூட்டிப் போக நின்றார். மாமா கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் நினைத்தேன். மாமா ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

“மறியலுக்கு நான் போயிருப்பன் மருமகன். அந்த மலையில எங்களுக்கு இருந்த எழுத்து அது ஒண்டுதான். அதைப் போன ஆகஸ்டில வெட்டினதாக்கிப் போட்டாய்.”

பொலிஸ்காரர் ஸுஹைரைக் கூட்டிப் போனார். மாமா அதன்பிறகு அவனோடு கதைக்கவில்லை.

மாமா சொன்னபடியேதான் நடந்தது. மாரி மூன்று மாதம் மட்டும் பட்டியை மலையில் ஏற்ற விடுங்கள் என்று அவர் மனுக் கொடுத்தார். உங்கள் குடும்பம் அங்கே முன்பிருந்ததற்கு அத்தாட்சி இல்லை, அந்தக் குறி போன வருடம் வெட்டியது என்று உங்கள் மருமகனே சத்தியம் செய்திருக்கிறார் என்று பதில் வந்தது. அடுத்த மார்கழியில் பட்டி வாய்க்கால் கரையில் மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது. பதினாலு கன்று செத்தது. மிச்சத்தை மாமா கிண்ணியா ஆட்களுக்கு விற்றார். வாங்கியவர்கள் வில்லுக்குப் பக்கத்தில் புதுக் குறி சுடும்போது மாமா பார்க்க நிற்கவில்லை. 1968இல் மகள் வீட்டில் மௌத்தானார். ஜனாஸாவில் ஸுஹைர் கடைசி வரிசையில் நின்றான். கபுறடிக்குப் பிடி மண் போட வந்தவனுக்கு யாரும் வழி விடவில்லை. நான் விலகிக் கொடுத்தேன்.

பொய் சத்தியம் செய்தவன் கையில் குறிப் புத்தகம் இருக்க ஏலாது என்று விதானையார் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அது நியாயம்தான். ஸுஹைர் திருகோணமலைக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். லிங்கநகரில் ஒரு அறை எடுத்து இருந்தான். அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மாடு கீறித் தரச் சொல்லிக் கேட்டாலும் கீறமாட்டான் என்று அவன் மனைவி சொன்னாள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து அவனுடைய பெட்டியைத் திறந்தோம். உடுப்புகளுக்கு அடியில் அந்த ஆகஸ்டில் பென்சிலால் கீறிய முதற்படி இருந்தது. மேலே ஒரு வரி எழுத்து, கீழே வில்லும் இரண்டு புள்ளியும். ஒரு வெடிப்பு எழுத்தின் நடுவால் இறங்கி வில்லையும் பிளந்துகொண்டு போகிறது. அதைப் புள்ளிக் கோடாகப் போட்டிருந்தான். வெடிப்பின் இரண்டு பக்கமும் வில்லின் கோடு மழுங்கி, பாசி படிந்திருப்பதையும் சின்னச் சின்னப் புள்ளியாகக் காட்டியிருந்தான். போன வருடம் வெட்டிய குறியில் பாசி பிடிக்காது. மறியலால் வந்ததும் இந்தக் கடதாசியைக் கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனவனாம். ஒருதரம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டவன் கீறிய படத்தை எப்படி நம்புவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவன் மனைவி சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அதை எடுத்துக்கொண்டு மாமாவின் மகள் பரீனாவிடம் போனேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வில்லின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

“வாப்பாட குறிதான். இப்ப எங்களுக்கு மாடு எங்க மச்சான் இருக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தாள்.

அந்தக் கடதாசி இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டிக்கல் குகையில் அந்தக் குறியை வெட்டியவர் முஹம்மது தம்பி மாமாவின் வாப்பாவின் வாப்பா. என் தம்பி அல்ல. தம்பி அதைக் கீறினான், உள்ளபடி கீறினான். அவன் பேரைப் பத்திரிகையில் கேட்டுப் போடுவித்தவன் நான், தாஹிர்.