ரெண்டரை ஆழாக்கு

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகன் எழுதுவது. அம்மாவின் பெருமையை மட்டும் எழுதச் சொன்னாள் தங்கை. என்னால் ஆகவில்லை.

அம்மா தளவானூரில் பிறந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டார். எங்கள் சிறு வயதிலேயே நைனா, எங்கள் அப்பா, எங்களை விட்டுப் போனபின், கல்யாண வீடுகளில் சமைத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். கடைத்தெருவில் படி போய் லிட்டர் வந்த புதிதில் சமையல்காரர்கள் எல்லாரும் திண்டாடினார்கள். அம்மா தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்து, ஒரே நாளில் கணக்கைப் பிடித்துவிட்டார்.

"மூணு படின்னா அஞ்சு லிட்டரு, அவ்ளோதான். இதுக்குப் போயி இன்னாத்துக்கு முழிக்கிறீங்க?" என்று சிரிப்பார். மேல்மலையனூரிலிருந்துகூட ஆள் வந்து கேட்டுப் போவார்கள்.

போன வருஷம் அம்மா கால் வீங்கி, மூச்சு வாங்கிப் படுத்தார். "கஞ்சி, தண்ணி எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். கூடினா ஆபத்து" என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் இருந்தது பழைய படி. நான் படுபாவி, தங்கையிடம் அரைப் படி என்று சொன்னேன். அரைப் படி என்றால் நாலு ஆழாக்கு, முக்கால் லிட்டருக்கும் மேல். எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாளே அளந்து ஊற்றிய சொம்பைப் பார்த்துக் கையை ஆட்டினார் அம்மா. "ரெண்டரை... ரெண்டரைடா..."

"மணி இன்னும் ரெண்டரை ஆவலம்மா. குடி."

மூன்று நாளும் அதையேதான் சொன்னார். மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தோம். "அடம் புடிக்காதம்மா" என்று அதட்டி, என் கையாலேயே வாயில் ஊற்றினேன். வீக்கம் தொடைக்கு ஏறியது.

நாலாம் நாள் காலை எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். தங்கை அளப்பதைக் கண்டு பதறினார். "ஐயையோ, அரைப் படியா அளக்குற? டாக்டர் சொன்ன அரை லிட்டர்னா ரெண்டரை ஆழாக்குதானே! எனக்கே ஒங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

ஓடிப்போய் அம்மாவின் காலைப் பிடித்தேன். கண்ணைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் போய்விட்டார்.

வயதும் ஒரு காரணம்தான் என்கிறார் டாக்டர். எனக்கு ஆறவில்லை.

ஓடி ஓடி உதவிய எதிர்வீட்டு அக்காவுக்கும், வண்டி கட்டிக்கொண்டு வந்த தளவானூர் மாமாவுக்கும், கூலி வாங்காமல் இன்று சமைக்கும் அம்மாவின் கூட்டாளிகளுக்கும் எங்கள் நன்றி.

படையலில் இன்று அம்மாவுக்குத் தண்ணீர் வைக்கிறோம். ரெண்டரை ஆழாக்குதான், அம்மா. நானே அளந்து வைக்கிறேன்.