வாளியோடு ஓர் ஆட்டம்

ஓட்டுநர் ஒரு துண்டு இஞ்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார். சுவர் இடிக்கிறது. இதற்கு மேல் தள்ள இடமில்லை. எதிர்ச் சுவரில் டிவி, நடுவில் பத்தடி. ஜன்னல்கள் இரண்டும் திறந்திருக்கின்றன. பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. மேஜை விசிறி நேராக அவர் முகத்தில் வீசுகிறது. வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி, அதில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணியாக இன்னும் ஐந்து நிமிடம்.

மூன்று மணிக்கு மகள் வருவாள். வீட்டுக்கு அல்ல, டிவியில் இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்குள். வீட்டை விட்டு அவளும் அவள் அம்மாவும் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் இருக்கும் ஊர் பஸ்ஸில் பதினோரு மணி நேரம்.

அவர் இருபத்திரண்டு வருடமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். அந்தத் தடத்தில் முப்பத்தெட்டு வளைவுகள். டெப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். நிதானம் ஓட்டினால் கையில் வைத்த டீ தளும்பாது என்பார்கள். கண்ணாடியில் பார்த்தே யாருக்கு வாந்தி வரப்போகிறது என்று சொல்லிவிடுவார். முதலில் பேச்சு நிற்கும், பிறகு கொட்டாவி வரும், அதற்குப் பிறகு எச்சிலை விழுங்குவார்கள். அந்தக் கட்டத்தில் இவர் குரல் கொடுப்பார். “அம்மா, போனைப் பையில போடுங்க. கிட்டத்துல பாக்காதீங்க. தூரமா அந்த மலை உச்சியைப் பாருங்க, சரியாயிடும்.” பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படிப்பட்டவர் டிவி முன்னால் உட்கார்ந்து ஏழே நிமிடத்தில் வாந்தி எடுத்தார். நடந்ததைக் கண்டக்டரிடம் மட்டும்தான் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

“அண்ணே, முப்பத்தெட்டு வளைவுல வராத வாந்தி நாற்காலியில வந்துச்சா?”

“சிரிக்காதடா. அதுல நம்ம உருவமே தெரியாது. ரெண்டு கை மட்டும் தெரியும். நம்ம கண்ணாலயே பாத்துக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கும். ஆனா நடக்கறது இல்ல.”

“நடக்காம நடந்தா குடல் குழம்பத்தானே செய்யும்? இனிமே ஏறும்போது எங்கிட்ட ஒரு கவர் வாங்கிக்குங்க.”

அந்த ஆட்டத்தில் ஓர் ஆளில்லாத பெரிய கட்டடம் இருக்கிறது. எண்ணி முடியாத அறைகள், நீள நீளமான வராந்தாக்கள். இரண்டு பேரும் சேர்ந்து அறை அறையாகத் தேடி ஒரு படகுக்கு வேண்டிய உதிரிகளைப் பொறுக்க வேண்டும். நடுநடுவே சில உருவங்கள் துரத்தும். மகள் அதில் காற்றாகப் பறப்பாள். இவரோ ஒவ்வொரு வராந்தா முனையிலும் நின்று, இருபக்கமும் பார்த்து, அகலமாக வளைந்து திரும்புவார். “அப்பா, இங்க எதிர்ல லாரி வராதுப்பா!” என்று கத்துவாள். திரும்பும்போது உட்கார்ந்த இடத்திலேயே உடம்பும் சாயும். சாய்ந்தால் குமட்டல் கூடும் என்று தெரிந்தும் சாயாமல் இருக்க முடியவில்லை. பழகிய உடம்பு.

தன் பயணிகளுக்குச் சொன்ன வைத்தியத்தை முதலில் தனக்கே செய்து பார்த்தார். வராந்தாவின் கடைசியில் தெரியும் ஜன்னலையே வெறித்துப் பார்த்தார். அது பலிக்கவில்லை. அந்த டிவிக் கண்ணாடிக்குள் எது தூரம்? தூரமாகக் காட்டுவதும் கிட்டே காட்டுவதும் எல்லாம் அதே பத்தடியில் இருக்கின்றன.

அதன் பிறகு, ரிப்பேர் வண்டியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடக்கும்போது திரை மேலும் கீழும் ஆடுவதை நிறுத்த ஆட்டத்தின் செட்டிங்ஸில் ஓர் இடம் இருந்தது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து அதைக் கண்டுபிடித்தார். திரும்பும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். பார்வையின் அகலத்தைக் கூட்டினார். கண் ஊன்றி நிற்பதற்குத் திரையின் நட்டநடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மிளகு அளவுக்கு வெட்டி ஒட்டினார். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது என்று மதியம் ஒரு மணிக்கு இரண்டு வறட்டு பிஸ்கட். ஏழு நிமிடம் இருபதாயிற்று. இருபது முப்பத்தைந்தாயிற்று. அதற்கு மேல் எதைச் செய்தாலும் நகரவில்லை. முப்பத்தைந்தாவது நிமிடம் நெற்றியில் குளிர்ந்த வேர்வை அரும்பும். வாயில் உப்புத் தண்ணீர் ஊறும். பிறகு ராத்திரி படுக்கும்வரை தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்.

‘வண்டி ஓட்டுற ஆட்டம் ஏதாவது ஆடலாமா?’ என்று ஒருமுறை தூண்டில் போட்டார். “அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க ஆடுறதுப்பா” என்றுவிட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது.

போனில் பேசலாமே என்று கேட்கலாம். பேசிப் பார்த்தவர்தான். “சாப்பிட்டியா?” “ம்.” “படிக்கிறியா?” “ம்.” “அம்மா எப்படி இருக்கா?” “ம்.” இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். வீடியோவில் பார்த்தால் இன்னும் மோசம். அவள் தன் முகத்தைத் தானே பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டிருப்பாள். ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அதே வாய் ஓயாது. கைக்கு ஒரு வேலை இருந்து, முகத்துக்கு முகம் பார்க்காமலும் இருந்தால்தான் சிலருக்கு மனசு திறக்கும் போலிருக்கிறது.

“அப்பா, அந்த டிராயரைத் திறங்க. கணக்குல பெயில்பா. இடதுபக்கம் வர்றான், குனிங்க, குனிங்க! அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எந்திரிங்க, போயிட்டான்.”

பல்லுக்குக் கம்பி போட்டது, உயிருக்கு உயிரான சிநேகிதி திடீரென்று பேச்சை நிறுத்தியது, குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அம்மா அழுவது எல்லாம் அவருக்கு இப்படித்தான், குனிவதற்கும் எழுவதற்கும் நடுவில் தெரிந்தன.

வாந்தி வருகிறது என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்பதும் அவருக்குத் தெரியும். “ஐயோ, அப்ப வேணாம்பா, விட்டுடுங்க” என்பாள். நல்ல மனசோடுதான் சொல்வாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

அதனால் சொல்லவில்லை. ஹெட்செட் வயரில் மைக்கை அணைக்க ஒரு சின்ன விசை இருக்கிறது. வேர்வை அரும்பியதும் கட்டைவிரல் தானாக அதற்குப் போகும். மைக்கை அணைப்பார், ஹெட்செட்டைக் கழற்றி மடியில் போடுவார், வாளிக்குக் குனிவார், வாயைக் கொப்பளிப்பார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். மூன்று நிமிடம். அதற்குள் திரையில் அவருடைய ஆளை எதுவாவது அடித்துப் போட்டிருக்கும். “எங்கப்பா போனீங்க?” என்று கேட்டால், சிக்னல் சரியில்லை என்பார், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்பார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. பாய்லர் அறைக்கு இறங்கும் படிகளில் இருந்தார்கள். மகள் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. “அப்பா, ஒண்ணு கேக்கணும்” என்றாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. விரல் விசைக்குப் போய்விட்டது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டை மாட்டியபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளுடைய ஆள் படியில் திரும்பி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா கேட்ட?”

“கேட்டு முடிச்சாச்சுப்பா.”

“இந்தச் சிக்னல்...”

“சரி.”

“இன்னொரு தரம் சொல்லேன்.”

“விடுங்கப்பா. அம்மா சொல்றது சரிதான்.”

“அம்மா என்ன சொல்றா?”

“ஒண்ணுமில்ல. அந்த மஞ்சக் கதவைத் திறங்க.”

அவர் திறந்தார்.

அந்த வாரம் பூராவும் அவர் முப்பத்தெட்டு வளைவுகளிலும் அதையே கேட்டுக்கொண்டு போனார். என்ன கேட்டிருப்பாள்? புது போனா? சுற்றுலாவா? சுற்றுலாவுக்கு அப்படியா குரல் தாழும்? ஒரு நிறுத்தத்தில் ஆள் கைகாட்ட, கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார். “நிதானம் அண்ணே, கூட்டத்தை ஏத்தறதுக்குத்தான் நமக்கு வண்டியே குடுத்திருக்காங்க” என்றார் கண்டக்டர். இவர் சிரிக்கவில்லை. கண்டக்டரும் பிறகு அவரைச் சீண்டவில்லை. ராத்திரி ஓட்டுநரே போன் போட்டுக் கேட்டார். “மறந்துட்டேன்பா” என்றாள் மகள். அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, போன வாரம்தான், இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். வந்தவள், “வாங்க” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு முன்னால் ஓடினாள். அவர் பின்னால் போனார். ஒரு மாடி, இரண்டு மாடி. அவள் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்பியதில் முப்பத்தைந்து நிமிடம் தாங்குவது அன்றைக்குப் பதினைந்தே நிமிடத்தில் முடிந்தது. நெற்றி குளிர்ந்தது. கட்டைவிரல் விசைக்குப் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார். ஹெட்செட்டையும் கழற்றவில்லை. அப்படியே குனிந்தார்.

சத்தம் மொத்தமும் மைக்கில் போயிற்று.

“அப்பா? அப்பா! என்னப்பா அது?”

“ஒண்ணுமில்லம்மா. வாந்தி.”

“உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஆட்டம் ஒத்துக்கல.”

“எத்தனை நாளா?”

“மொத நாள்லேர்ந்து.”

பதினோரு மணி நேரத் தூரத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. “லூசாப்பா நீங்க? சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா விட்டுடுன்னு சொல்லுவ.”

“விட்டுடுன்னுதான் சொல்லுவேன். பின்ன? அப்ப அன்னைக்கு, படியில... அதுவும் இதுதானா?”

“ஆமா. சத்தியமா நீ கேட்டது என் காதுல விழல. என்னம்மா கேட்ட?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

“நான் உங்ககூட வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். அங்கயே ஸ்கூல் சேந்துக்கிறேன்னு.”

ஓட்டுநர் கையிலிருந்த துண்டை வாயில் வைத்தபடியே இருந்தார்.

“நான் வேணாம்னு சொல்லலியேம்மா.”

“வேணும்னும் சொல்லலியேப்பா. எவ்ளோ நேரம் அந்தப் படியிலயே நின்னேன் தெரியுமா?” தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “இங்கயே புது ஸ்கூல்ல சேத்தாச்சு. அம்மாவும் அதுக்குப் பக்கத்துலயே வீடு பாத்துட்டாங்க. பத்தாவது முடியற வரைக்கும் இங்கதான்.”

“ம்” என்றார். போனில் அவள் சொல்கிற அதே ‘ம்’.

“நீங்க படுங்கப்பா. போதும். நான் வச்சிடறேன்.”

“இரு.”

“எதுக்கு? மறுபடி வாந்தி வரும்.”

“வரட்டும்.”

திரையில் வராந்தா தலைகீழாகப் போய் நிமிர்ந்து வந்தது. அதன் கோடியில் அவளுடைய ஆள், போகவும் செய்யாமல் வரவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் எட்டி வாளியை இழுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

“எந்தக் கதவும்மா?” என்றார்.