மூன்றாவது வளைவுக்குக் கீழே

என் கணவரின் அண்ணன் ஸ்பீரிதோவிடம் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "மேல." பாதிரியார் கேட்டாலும் "மேல", போலீஸ்காரர் கேட்டாலும் "மேல". இத்தாலி மலைகளுக்கு நடுவே எங்கள் மைரா பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேலேதான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாக்குகூட வழிக்க முடியாது.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். முப்பது வருடம் ஊராட்சியில் சாலைப் பணியாளர். பனியைத் தள்ளுவது, வாய்க்காலைத் தோண்டுவது, சரிந்த கல்லை எடுத்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். தபால்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று மூன்று நாள் யோசிப்பார். நான் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வாழ வந்தவள். கல்யாணத்தன்றே நான் கொண்டு வந்த சாமான்களைப் பார்த்து, "இவ்வளவு பெரிய கூடை எதுக்கும்மா கொண்டு வந்திருக்க?" என்று கேட்டவர் அவர். நான் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அவர் கேட்டதன் காரணம் காளான். எங்கள் மலைகளில் நல்ல விலை போகும் பொர்ச்சீனிக் காளான் முளைக்கும் இடத்தைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். என் மாமனார் குளிர்காலமெல்லாம் ஊர் ஊராக உப்பு நெத்திலி விற்றுத் திரிந்தவர். எந்த ஊரில் எந்த வீட்டில் வாங்குவார்கள் என்பதையே வெளியே விடாத ஆள், காளான் இடத்தையா விடுவார்? சாகும்போது மூத்த மகன் ஸ்பீரிதோவின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இளையவர் கொஸ்தான்ஸோ, அதாவது என் கணவர், கட்டில் அருகிலேயே நின்றும் அவர் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு மலை சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஜெர்மானியர்கள், அப்புறம் எல்லோரும். நெத்திலிக்காரர்கள் நடந்த பழைய கழுதைப் பாதையையும் ராணுவம் போட்ட பாதையையும் இணைத்துச் சைக்கிள் தடம் போடலாம் என்று ஊராட்சி முடிவு செய்தது. தடம் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யும் வேலை ஸ்பீரிதோவிடம் வந்தது. நல்ல தடம் போட்டார், மறுக்கவில்லை. ஒரே ஒரு கோணல். மலையில் சேப்பல் என்று ஒரு சின்ன வழிபாட்டுக் கோயில் இருக்கிறது, அதன் பக்கத்தில் பாதை தன் பாட்டுக்குச் சமமாகப் போகிறது. அந்த இடத்தில் தடத்தைத் திருகி, காரணமே இல்லாமல் செங்குத்தாக ஏற்றிவிட்டார். சைக்கிள்காரர்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், பல மொழிகளில் திட்டுவார்கள்.

ஊருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சேப்பலுக்குப் பின்னால் இருக்கும் காட்டை மனிதர் ஒதுக்கி வைக்கிறார், அப்படியென்றால் இடம் அங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காளான் காலத்தில் அவருடைய மூன்று சக்கர ஆப்பே வண்டியும் சேப்பலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தக் காட்டைப் பாதி ஊர் சல்லடை போட்டுச் சலித்தது. கிடைத்ததெல்லாம் நச்சுக்காளானும் ஒரு பழைய துப்பாக்கிக் குண்டும்தான்.

உண்மையான இடம் எனக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், தடத்தின் மூன்றாவது வளைவுக்குக் கீழே, எண்பதடி இறங்கினால். சைக்கிள்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு திரும்புகிற வளைவு அது. அந்தச் சத்தத்தில் யாரும் காளான் தேட மாட்டார்கள். சேப்பல் காட்டைக் காட்டி ஊரை ஏமாற்றிவிட்டு, இடத்தை எல்லோர் மூக்குக்குக் கீழேயும் வைத்துக்கொண்ட எமகாதகர் அவர்.

நான் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் அந்த வழியாக நடந்து வரும்போது அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. சைக்கிள் வருமே என்று கொஞ்சம் கீழே இறங்கினேன். உட்கார்ந்த இடத்தில் கால் பக்கத்தில், கத்தியால் சீராக அறுத்த தண்டு. அதன் மேல் காய்ந்த இலையை உள்ளங்கையால் அழுத்தி மூடிய தடம். இப்படி மூடி மறைக்கிற ஆள் எங்கள் ஊரில் ஒருவர்தான். நிமிர்ந்து பார்த்தால் மரத்தடியெல்லாம் ரொட்டி ரொட்டியாகக் காளான். மேலங்கியைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டு வந்தேன். நாங்கள் சைக்கிள்காரர்களுக்குச் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம். அன்று பொலெந்தா என்கிற சோளக்களியோடு காளான் வறுவல் போட்டேன். யாரிடம் வாங்கினாய் என்று கொஸ்தான்ஸோ கேட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்குக் கீழ்ச்சாலையில் வேலை. அந்த நாளில் நான் போய் வருவேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடையைப் பார்த்துக் கேட்டாரே, அதற்குப் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

காளான் குறைவதை அவர் கண்டுபிடிக்க ஒரு பருவம்கூட ஆகவில்லை. யார் மேல் சந்தேகப்படுவார்? அப்பாவின் கட்டில் அருகில் நின்றவன் தம்பி ஒருவன்தான். ஒருநாள் எங்கள் விடுதி வாசலில் நின்றுகொண்டு, "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா, ஏன் திருடின?" என்று கேட்டார். கொஸ்தான்ஸோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் திருடவில்லை என்றார், சத்தியம் செய்தார், கடைசியில் கோபத்தில் கத்தினார். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அவர்கள் அம்மா இறந்தபோது ஒருவர் சவப்பெட்டியின் தலைப்பக்கம் நின்றார், ஒருவர் கால்பக்கம் நின்றார். அப்படியே பதினோரு வருடம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில், எங்கள் தடத்தில் சைக்கிள் போட்டி. சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்பீரிதோ வந்து வளைவுகளில் நாடா கட்ட வேண்டும். வரவில்லை. வேலைக்கு ஒருநாளும் பிந்தாதவர். வீட்டில் படுக்கை கலையாமல் கிடந்தது, அடுப்பு சில்லென்றிருந்தது. ஆப்பே வண்டி சேப்பல் பக்கத்தில் நின்றது, அதன் கூரையில் ராத்திரிப் பனி உறைந்திருந்தது. சனிக்கிழமை விடியும்போது அவர் அதில் ஏறிப் போனதைப் பால் வண்டிக்காரர் பார்த்திருந்தார்.

மீட்புக் குழுவின் தலைவி நீவெஸ் பந்தயத்தை நிறுத்திவிட்டு, எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். ஊரே ஒரே இடத்தில் விரலை வைத்தது: சேப்பலுக்குப் பின்னால் உள்ள காடு. பந்தயத்துக்கு வந்த அறுபது சைக்கிள்காரர்களும் ஊர்க்காரர்களும் அங்கே போனார்கள். என் கணவரும் போனார். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் என்ன ஓடியது என்று உள்ளபடி சொல்கிறேன், காறித் துப்பினாலும் பரவாயில்லை. இது பொறி என்று நினைத்தேன். மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார், மூன்றாவது வளைவுக்குக் கீழே ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ரொட்டி தின்கிறார், இடத்தை யார் சொல்கிறார்கள் என்று பார்க்கிறார். சொன்னவன்தான் திருடன். இத்தனை வருடம் அவரைப் பார்த்துப் பார்த்து அவருடைய புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்கு அப்படி நினைத்தேன், பதினொரு மணிக்கும் அப்படியே நினைத்தேன். பன்னிரண்டுக்கு மேல் அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், விட்டால் வேறொன்றை நினைக்க வேண்டியிருக்குமே.

ஒரு மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர் வர முடியாது என்று செய்தி வந்தது. சாயங்காலம் பனி விழும், இன்னொரு ராத்திரி வெளியே கிடந்தால் ஆளை உயிரோடு பார்க்க முடியாது என்று நீவெஸ் சொன்னாள். அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் மறுபடியும் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

இரண்டு மணிக்குக் கொஸ்தான்ஸோ திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. அண்ணே, அண்ணே என்று கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. பதினோரு வருடமாக அந்த வாயிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அடுப்பங்கரை ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் காபியை நீட்டினேன், வாங்கவில்லை.

"இல்தா," என்று என் பேரைச் சொன்னார். "அண்ணன் சொன்ன மாதிரி நெசமாவே நான் திருடியிருக்கலாம். திருடியிருந்தா இப்போ எடமாவது தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயது மனிதர், கையால் முகத்தை மூடக்கூட இல்லை.

நான் கோப்பையை வைத்தேன். "மூணாவது வளைவு," என்றேன். "அதுக்குக் கீழ எம்பதடி. ஓடைக்கு அந்தப் பக்கம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாங்கியதாக நான் சொன்ன காளானெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதைப் பார்த்தேன். பிறகு எழுந்து கயிற்றை எடுத்தார். நீவெஸைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கேதான் இருந்தார். ஈரப்பாறையில் வழுக்கி, ஒரு வேருக்கு அடியில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. உதடு நீலமாக இருந்தது. காய்ந்த இலையையெல்லாம் வாரித் தன் மேல் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை, காளானின் மேல் பெரணி இலை போட்டு மூடியிருந்தார், அந்த நிலையிலும்.

நீவெஸ் காலைக் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள், மயங்கிவிடக் கூடாதே என்று. நேற்றுப் பகல் முழுக்கத் தலைக்கு மேலேதானே சைக்கிள்கள் போயின, ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது இறங்கி வந்திருப்பார்களே என்று கேட்டாள்.

"வந்திருப்பாங்க," என்றார் ஸ்பீரிதோ, பல் கிட்டிக்க. "வந்தா பாத்திருப்பாங்க."

நீவெஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்மேல் கண் நின்றது. தம்பிமேல் நின்றது.

"யாரு சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கொஸ்தான்ஸோ குனிந்து அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

"நான்தாண்ணே சொன்னேன்."

ஸ்பீரிதோ கண்ணை மூடினார். செத்துப்போய்விட்டாரோ என்று பயந்துவிட்டேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. தம்பியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"பதினோரு வருஷமா இந்த ஒத்த வார்த்தையத்தானடா கேட்டேன். அன்னைக்கே ஆமாண்ணேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேனே. நம்ம அம்மா பாத்துட்டுப் போயிருப்பாளே."

ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் அந்தக் கையை அவர் விடவில்லை. பாதை குறுகலான இடத்தில் கொஸ்தான்ஸோ ஒருக்களித்துக்கொண்டே நடந்தார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்த அம்மாவைக் கடைசி மாதமெல்லாம் குளிப்பாட்டியது நான். இரண்டு பேரும் ஒன்றாக வருவார்களா என்று என்னிடம்தான் தினமும் கேட்பாள்.

அன்று மாலை பனி விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கொஸ்தான்ஸோ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"அண்ணனுக்குத் தம்பி கெடச்சிட்டான். அவரு இருக்கிற வரைக்கும் நீ வாயத் தெறக்காத."

ஸ்பீரிதோவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கால் கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தடத்தை இப்போதும் அவர்தான் போய்ப் பார்க்கிறார், கூடவே என் கணவரும் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சைக்கிள்காரர்கள் நிறைந்த மேசையில் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "இந்தத் திருட்டுப் பய என் காளானத் தின்னே வளந்தான்" என்று எல்லோரும் கேட்கச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். கொஸ்தான்ஸோவும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

பிறகு ஸ்பீரிதோ என் பக்கம் திரும்பி, "நீ மட்டுந்தாம்மா இந்த வீட்ல யோக்கியம்" என்பார். நான் அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறுவேன்.