ஆயிரத்துக்கு அப்பால் இருபத்து நான்கு

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. இது நடந்தது. கோவில்பதாகையில், என் வீட்டில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்.

அப்பா கிறிஸ்துதாஸுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு அழுத்தம். ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். எங்கள் கம்பெனியில் தயாரிக்கும் இதயத் துடிப்புப் பட்டையை அவர் மார்பில் ஒட்டி, லேப்டாப்பில் இணைத்தேன். பட்டை அனுப்பும் ஆயிரம் எண்களை, சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் நினைவகத்தில் வரிசையாக அடுக்கும். வரிசை எங்கே தொடங்குகிறது என்று மட்டும், பைத்தான் என்ற மொழியில் எழுதிய இன்னொரு நிரலுக்குச் சொல்லும். எத்தனை எண்கள் என்று நான்தான் எழுத வேண்டும். பைத்தான் அதை அப்படியே நம்பி, படித்து, கோடாக வரையும்.

மாலை 4:10. மருந்துக் கடையிலிருந்து திரும்பினேன். திரையில் கோடு நேராகக் கிடந்தது. வலது ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் துடிப்பு.

"இன்னாடா, பேயடிச்ச மாரி நிக்கிற?" நாற்காலியிலிருந்து அப்பா சிரித்தார்.

பட்டையை அழுத்தி ஒட்டினேன். அவர் தோல் ஜில்லென்றிருந்தது. கோடு மாறவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

"மூஞ்சிய பாருடா. கம்ப்யூட்டர்லயா நான் கீறேன்?"

4:52. தவறைக் கண்டுபிடித்தேன். 1000 என்பதற்குப் பதில் 1024 என்று எழுதியிருந்தேன். கணினித் தொழிலில் 1024 அடிக்கடி எழுதும் எண்; கைப்பழக்கத்தில் வரும் தவறு. ஓரத்தில் துடித்த இருபத்து நான்கு எண்களும் வரிசையைத் தாண்டியவை. பட்டை அனுப்பாதவை. நினைவகத்தில் கிடக்கும் குப்பை.

குப்பை துடிக்காது.

1000 என்று திருத்தினேன்.

"உங்கம்மா இருந்தா இந்நேரம்..."

பேச்சு பாதியில் நின்றது.

ஃபேன் சத்தம் மட்டும். டக்... டக்...

"அப்பா?"

வாய் திறந்தபடி இருந்தது. இமை அசையவில்லை.

மறுபடி 1024 என்று மாற்றினேன்.

"...ஒரு கத்து கத்தியிருப்பா."

அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை. அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வரவே கூடாது என்று ஜெபித்தேன்.

5:31. வந்தது.

ஸ்ட்ரெச்சருடன் நுழைந்த ஆம்புலன்ஸ் ஊழியர் உதயகுமார், இடம் வேண்டுமென்று லேப்டாப்பை மூடினார்.

"மூடாதீங்க!"

அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தவர், என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்தே... இவுரு போய் ரொம்ப நேரம் ஆவுதே."

அடக்கம் முடிந்த பிறகு, லேப்டாப்பில் சேமிக்கப்பட்டிருந்த அன்றைய பதிவைத் திறந்தேன். பட்டை அனுப்பிய ஆயிரம் எண்களும் 2:37-லிருந்தே அசையவில்லை.

நான் மருந்துக்குக் கிளம்பியது 3:20. திரையைப் பார்க்காமல் அவசரமாக ஓடினேன். கேட் வரை வந்து, என் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டது அப்பாதான்.