கேற்றடியில் நின்றவர்கள்

சென்ற வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு இருபது. இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியிலுள்ள ஒரு விடுதியின் சலவை அறைக் கதவைத் திறந்தேன். என்னோடு வேலை செய்யும் சேர்பியப் பெண் அழுக்கு விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி.

ஊரிலிருந்து அவள் அண்ணன் அழைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து வீட்டு வாசலில் நிற்கிறாராம். அந்த வீட்டில் பிறந்தவராம். ஒரு தரம் உள்ளே பார்க்க வேண்டுமாம். வீட்டில் இவளுக்கும் பங்கு உண்டு. திறக்கவா வேண்டாமா என்று அண்ணன் கேட்கிறார்.

ஊர்க் கதையை வேலைக்கிடையில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறாள். வட சேர்பியாவின் சமவெளியில் ஒரு கிராமம். முன்பு அதிகம் பேர் ஜெர்மானியர், ஊரின் ஒரு கோடியில் ஹங்கேரியர். உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியரைத் துரத்திவிட்டு, பொஸ்னிய மலைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். இவள் தகப்பன் அப்படி வந்த பிள்ளை. தொண்ணூறுகளில் குரோஷியாவிலிருந்து ஓடிவந்த சேர்பியர் சேர்ந்தார்கள். இப்போது இளம் ஆட்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்.

"நீயெண்டால் என்ன செய்வாய்?" நாங்கள் இத்தாலிய மொழியில்தான் கதைப்போம்.

"திறக்க வேண்டாம்," என்றேன். "இண்டைக்குப் பாக்க வந்தம் எண்டுவினம். நாளைக்குக் காணி உறுதியோட வந்து நிப்பினம்."

"உன்ரை வீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ கதைக்கிறாய்."

நான் விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணித்தேன்.

அவள் அண்ணனைத் திரும்ப அழைத்தாள். கதவைத் திறந்து கோப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. பார்க்க என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கை ஈரம் என்று சொல்லித் தள்ளி நின்றேன்.

"குசினிக்குள்ள இருக்கிறா. கோப்பிக்குச் சீனி காணாதாம், வந்த உடனையே அண்ணனை வேலை வாங்குறா," என்று சிரித்தபடி மூக்கைத் துடைத்தாள்.

என் வீட்டுக்கு வந்த மாதிரி என்று அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் என் வீட்டுக்கும் வந்திருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றிய பிறகு, ஷெல் விழுந்து எங்கள் வீடு போக, அவர்கள் விட்டுப்போன வீடொன்றில் குடியிருந்தோம். இடையில் போர் நின்ற சமாதான காலத்தில் அந்த வீட்டுக்காரரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். தபால்காரரைக்கூட உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிற ஆட்கள் நாங்கள். அவர்களுக்குக் கேற்றுக்கு வெளியே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பித் தந்து, "சுகமாய் இருங்கோ," என்றார்.

அன்று மாலை வியா மக்வேதா தெருவில் நடந்தபடி ஊரிலுள்ள தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வீட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான்.

"அந்த வீட்டுக்காரர் பிறகும் வந்தவையோ?"

"ஓம் அக்கா, ரெண்டு தரம். போன மாசம் மனுசி மட்டும் தனிய வந்தவ."

"உள்ளுக்கு விட்டனியோ?"

"இல்லை. நீங்கள் போகேக்கை சொன்ன மாதிரித்தான், கேற்றைத் திறக்கேல்லை."