பத்திரிகை வைக்கப் போன நாட்கள்

இன்று காலை மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நாதஸ்வரம் ஒலிக்க, பூக்கள் கொட்ட, மணமக்களின் பெயர்கள் பறந்து வந்து நின்றன. கை கூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு இட்லியைப் பார்க்கத் திரும்பினேன். யாருடைய கல்யாணம் என்று சரியாகப் படிக்கவில்லை. உங்களுக்கும் இப்படித்தான் ஆகிறதா, எனக்கு மட்டும்தானா?

காகிதப் பத்திரிகைக்கு ஒரு வாசனை உண்டு. நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள், அச்சு மை, வெற்றிலை எல்லாம் கலந்தது. அந்த வாசனையை நினைத்தால் எனக்கு பஸ் ஜன்னல் ஓரமும், பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் மாமாவும்தான் கண்முன் வருகிறார்கள். மாமா என்றால் என் மாமனார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம். நான் கல்யாணமாகிப் போன முதல் வருடம் நாத்தனாருக்குத் திருமணம் முடிவானது. பத்திரிகை வைக்க ஆணும் பெண்ணுமாகப் போக வேண்டும், குங்குமம் கொடுக்க ஒரு பெண் வேண்டும். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகியிருந்தார். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அதனால் புது மருமகளான நான் குங்குமச் சிமிழோடு மாமாவுடன் கிளம்பினேன்.

எம்.எஸ்ஸி. படித்தவள் என்று பெயர். போன முதல் வீட்டிலேயே, “எடுத்துக்குங்க ஆண்ட்டி” என்று சிமிழை நீட்டினேன்.

“ஆண்ட்டியாம்! ஏ புள்ள, நான் ஒனக்குச் சின்ன மாமியாரு. சின்னத்தைன்னு கூப்புடு, இல்லன்னா ஒங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து சாப்புட மாட்டேன்.”

அது குத்தாலத்தில் மாமாவின் சித்தப்பா மகன் வீடு. பாகம் பிரித்ததில் ஏதோ மனஸ்தாபம். வருடக்கணக்கில் பேச்சு இல்லை. மாமா முதல் பத்திரிகையை அங்கேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தார். சின்ன மாமனாரோ எங்களைக் கண்டதும் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமா அசரவில்லை.

“அம்மாடி, ஒன் வீட்டுக்காரன் முதுகுகிட்டயே பத்திரிகைய வச்சுட்டுப் போறேன். அவன் வராட்டியும் முதுகையாவது அனுப்பி வையி.”

முதுகு சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. “ஒன் வாய் இருக்கே அண்ணே” என்று எழுந்து உட்கார்ந்தார் சின்ன மாமனார். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து சமையல் கொட்டகையில் நின்றவர் அவர்தான்.

இப்படி ஊர் ஊராகப் போனோம். எல்லா வீட்டிலும் மாமா குழந்தைகளின் முகவாயைப் பிடித்து, “நீ யாரு, மூத்தவன் மவளா?” என்று விசாரிப்பார். அவர்களுக்கும் அவரைத் தெரியும். வீட்டுக்கு வரும்போது அவர் கால் வீங்கியிருக்கும், குரல் மட்டும் இளைஞனைப் போல இருக்கும். ஒரு வீட்டுக்கு நாம் போனால் அவர்கள் விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க அவர்களும் நம் வீட்டுக்கு வருவார்கள். அதனால் எங்கள் வாசலில் எப்போதும் யாருடைய செருப்பாவது கிடந்தது.

மகளின் படிப்புக்காகத் தஞ்சாவூருக்கு வந்தபோது மாமாவையும் அழைத்து வந்தோம். வயதானவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அன்று கடகடவென்று சொல்லியிருப்பேன்: நேரத்துக்கு மாத்திரை, உப்புக் குறைந்த சாப்பாடு, வழுக்காத குளியலறை. எல்லாம் செய்தேன். மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது, “அப்பாவ பஸ்ல அலைய விடாத, எங்கயாவது விழுந்தா யாரு பாக்குறது?” என்றார் கணவர் போனில். எனக்கும் அதே பயம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

“பத்திரிகை எப்பம்மா அடிக்கிறோம்?” என்று மாமா கேட்டார்.

“போன்லயே அனுப்பிட்டேன் மாமா. எல்லாரும் பாத்துட்டாங்க, நீல டிக் வந்துட்டு.”

“பாத்துட்டாங்களா? சரிம்மா.”

காதுகுத்தில் பாதிப் பந்தி காலியாக இருந்தது. குத்தாலத்திலிருந்து யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கும் பத்திரிகை வைக்க யாரும் வரவில்லை, போனில் அனுப்பினார்கள். மாமா பேசுவது குறைந்தது. காது கேட்கவில்லையோ என்று டாக்டரிடம் காட்டினேன். காதில் ஒன்றுமில்லை என்றார்.

பயந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வைத்து அவரைக் குத்தாலத்துக்கே அழைத்துப் போனேன். காரைக் கண்டதும் சின்ன மாமனார் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். “என்ன அண்ணே? யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லடா. சும்மாதான்.”

விசேஷம் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் அங்கே அப்படித்தான் நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சின்னத்தை போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பள்ளியில் படிக்கும் பேத்தி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “நீ மூத்தவன் மவளா?” என்றார் மாமா. அவள் தாத்தாவைப் பார்த்து, “யாரு தாத்தா இவங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“காதுகுத்துக்கு நீ பத்திரிகையோட வருவேன்னு பாத்துகிட்டே இருந்தேன் அண்ணே” என்றார் சின்ன மாமனார், தரையைப் பார்த்தபடி.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார். “முட்டி வலிடா. எங்க வர முடியுது?”

திரும்பும்போது காரில் மாமா பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். “இனிமே அவங்கள போயித் தொந்தரவு பண்ண வேணாம்மா.”

அடுத்த விசேஷத்துக்காவது பத்திரிகை அடிப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார். இப்போது முட்டி உண்மையிலேயே மடங்குவதில்லை. என் மகளுக்கு அந்த உறவுகள் எல்லாம் போனில் இருக்கும் சின்ன வட்டப் படங்கள். பெயர் சொன்னால் யாரென்று தெரியாது. மாமாவின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சர்க்கரை சரியாக இருக்கிறது. முன்பெல்லாம் கேட் சத்தம் கேட்டால் துண்டைச் சரி செய்துகொண்டு வாசலைப் பார்ப்பார். தண்ணீர் கேன்காரரும் கூரியர்காரரும்தான் வருவார்கள் என்று அவருக்கும் பழகிவிட்டது. இப்போது யார் கேட்டைத் திறந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.